அத்தியாயம் 6: பச்சை உடம்போடு வேலைக்குத் திரும்புதல்

சட்டத்தில் 26 வாரப் பேறுகால விடுப்பு இருக்கிறது. கடற்கரை ஊரான மணப்பாட்டில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உருப்படிக் கூலிக்கு ஓலைப்பெட்டி பின்னுகிற பெண்ணின் கைக்கு அந்த 26 வாரம் வந்து சேருவதில்லை. கருவாடு காயப்போடுகிறவருக்கும் அப்படித்தான். பெட்டி முடிந்தால்தான் காசு. ஆறு மாதம் சும்மா இருந்தால் கூட்டுறவுச் சங்கத்தில் அவர் பெயருக்கு வரும் ஆர்டர் வேறு ஒருத்திக்குப் போய்விடும் என்ற பயமும் உண்டு. அதனால் இரண்டாம் மாதத்திலேயே குருத்தோலையைக் கையில் எடுத்துவிடுகிறார்கள்.

இந்த அத்தியாயம் அப்படிச் சீக்கிரம் திரும்ப வேண்டியவர்களுக்காக. ‘திரும்பாதீர்கள்’ என்று இங்கே எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல ஊரில் ஆள் நிறையவே உண்டு. கூலியைத் தரத்தான் ஆள் இல்லை. எந்த வரிசையில் திரும்புவது, எங்கே நிற்பது என்பது மட்டும் இங்கே. வரிசை இதுதான்: முதலில் உடம்பு, அடுத்து பால், பிறகு பிள்ளையைப் பார்க்கிற ஆள், கடைசியில் வேலை. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆர்டரை ஏற்றுக்கொண்ட பிறகுதான் பாலுக்கு என்ன வழி என்று யோசிக்கிறார்கள்.

முதல் 6 வாரம்: தொடக்கூடாத கோடு

மகப்பேறு நலன் பற்றிய சட்டம் பேறு முடிந்த 6 வாரத்துக்குள் எந்த முதலாளியும் அந்தப் பெண்ணை வேலைக்கு வைக்கக்கூடாது என்கிறது. உங்களுக்கு முதலாளியே இல்லாமல் இருக்கலாம். இந்த 6 வாரத்தை நீங்களே உங்களுக்குக் கொடுத்துக்கொள்ளுங்கள். கருப்பை பழைய அளவுக்குச் சுருங்கவும், உள்காயம் ஆறவும், உதிரப்போக்கு நிற்கவும் ஏறக்குறைய இவ்வளவு காலம் ஆகிறது.

இந்த நாள்களில்:

1. பிள்ளையின் எடைக்கு மேல் எதையும் தூக்காதீர்கள். அறுவைப் பிரசவம் என்றால் இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. தண்ணீர்க் குடம், மீன் கூடை, ஓலைக் கட்டு மூன்றும் இதில் அடங்கும்.
2. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளைப் பேறுகாலத்துக்குப் பிறகும் 6 மாதம் தொடருங்கள். மாத்திரை தீர்ந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.
3. தண்ணீரை நிறுத்தாதீர்கள். ‘பச்சை உடம்புக்காரி தண்ணி குடிச்சா வயிறு போட்டுடும்’ என்பது பழைய பேச்சு. பால் கொடுக்கிற உடம்புக்குத் தாகம் எடுக்கும்போதெல்லாம் தண்ணீர் வேண்டும்.
4. 6 வாரம் முடிகிறபோது ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ திருச்செந்தூர் அரசு மருத்துவமனையிலோ உடம்பைக் காட்டிவிட்டு வாருங்கள். இரத்த அழுத்தம், இரத்தசோகை, தையல் மூன்றையும் பார்த்துவிடலாம். பிள்ளைக்கு 6ஆவது வாரத் தடுப்பூசி எப்படியும் போட வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் முடியுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சுறாப்புட்டு இல்லாமல் இந்தக் கடற்கரையில் பேறுகாலம் நடக்காது. ருசிக்கும் குறைவில்லை. ஆனால் சுறா போன்ற பெரிய மீன்களின் சதையில் பாதரசம் சேர்ந்திருக்கும். பால் வழியாகப் பிள்ளைக்கும் போகும். என்றைக்காவது, அதுவும் குட்டிச் சுறாவாக, கொஞ்சமாக இருக்கட்டும். அன்றாடத்துக்குச் சாளை, நெத்திலி, முருங்கைக்கீரை போதும். விலையும் குறைவு.

இந்த அறிகுறி வந்தால் வேலை இல்லை, 108தான்

* ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைகிற இரத்தப்போக்கு
* 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நாற்றமடிக்கும் கசிவு, தையலில் சீழ்
* விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென வீங்குதல்
* ஒரு கெண்டைக்கால் மட்டும் வலித்து வீங்குதல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி
* தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம்

தலைவலியைப் பலரும் தூக்கமில்லாததால் வருவது என்று விட்டுவிடுகிறார்கள். கர்ப்பத்தில் இரத்த அழுத்தமே இல்லாதிருந்த பெண்ணுக்கும் பேறு முடிந்த சில வாரங்களுக்குள் அது ஏறலாம். தலைவலியோடு கண்ணும் மங்கினால் பொழுது விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

பாலைப் பீய்ச்சி வைக்கும் முறை

இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். பம்ப் வாங்க வேண்டாம். கையே போதும், கழுவுவதும் எளிது.

வேலைக்குப் போவதற்கு 2 வாரம் முன்பே பழகத் தொடங்குங்கள். முதல் நாள் நாலைந்து சொட்டுதான் வரும். அதைப் பார்த்து ‘எனக்குப் பால் இல்லை’ என்று முடிவுகட்டிவிடுவதுதான் இதில் நடக்கிற பெரிய தவறு. கைக்குப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

1. கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுங்கள். நகத்திடுக்கில் ஓலைச் சாயமோ மீன் செதிலோ இருந்தால் அது போகும்வரை தேயுங்கள்.
2. வாயகன்ற எவர்சில்வர் டம்ளர், அதற்கு மூடி, ஒரு கரண்டி மூன்றையும் கொதிநீரில் 10 நிமிடம் போட்டு எடுத்துக் காயவிடுங்கள்.
3. மார்பை விரல் நுனிகளால் மெல்ல நீவிவிடுங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொண்டோ, அதன் துணியை மடியில் வைத்துக்கொண்டோ உட்கார்ந்தால் பால் சீக்கிரம் இறங்கும்.
4. பெருவிரலைக் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் மேல்விளிம்பிலும், மற்ற விரல்களைக் கீழ்விளிம்பிலும் வையுங்கள். காம்பைப் பிடிக்காதீர்கள்.
5. முதலில் விரல்களை விலா எலும்பை நோக்கி உள்ளே அழுத்துங்கள். பிறகு ஒன்றையொன்று நோக்கி அமுக்குங்கள். பிறகு விடுங்கள். அழுத்து, அமுக்கு, விடு. தோலின் மேல் விரலை வழுக்கித் தேய்த்தால் புண்ணாகும்.
6. ஒரு பக்கம் 4, 5 நிமிடம் செய்துவிட்டு மறுபக்கம் போங்கள். விரல் வைக்கும் இடத்தைச் சுற்றிச் சுற்றி மாற்றுங்கள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 20 முதல் 30 நிமிடம் ஆகும்.
7. மூடிவைத்து, நேரத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள். ஞாபகத்தை நம்பாதீர்கள்.

எவ்வளவு வேண்டும்? நீங்கள் வீட்டில் இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சுமார் 30 மில்லி என்று கணக்கு வையுங்கள். 5 மணி நேரம் வெளியே இருந்தால் 150 மில்லி. கூடக் குறைய இருக்கும். பிள்ளைக்குப் பிள்ளை மாறும்.

எவ்வளவு நேரம் வைக்கலாம்? 25 டிகிரி அறையில் 4 மணி நேரம் தாங்கும் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. மணப்பாட்டில் 25 டிகிரி அறை மார்கழி விடியற்காலையில் கிடைத்தால் உண்டு. ஆகவே நிழலான இடத்தில், ஈரத்துணி சுற்றிய பாத்திரத்தில் வைத்து 3 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடச் சொல்லுங்கள். குளிர்பெட்டியின் உள்தட்டில் 4 நாள் வரை வைக்கலாம் என்றாலும், அடிக்கடி திறந்து மூடுகிற, மின்சாரம் போய்வருகிற வீட்டில் 24 மணி நேரத்தைக் கடைசி எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். கதவுப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கடற்கரைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மீன் பெட்டிக்கு வரும் ஐஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று பால் பாத்திரத்தை அதில் புதைக்காதீர்கள். அது குடிநீர் ஐஸ் அல்ல, மீனோடு புரண்டது. வீட்டுக் குளிர்பெட்டியில் ஒரு பாட்டில் தண்ணீரை உறையவைத்து, அதன் பக்கத்தில் பால் பாத்திரத்தைத் துணிப்பையில் வையுங்கள்.

கொடுக்கும் முன் பாத்திரத்தை வெதுவெதுப்பான நீரில் இறக்கிவைத்தால் போதும். அடுப்பில் காய்ச்சக் கூடாது. மேலே கொழுப்புத் திரண்டு நிற்கும். லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும், பால் கெட்டுப்போகவில்லை. பிள்ளை வாய்வைத்து மிச்சமானதை 2 மணி நேரத்துக்குள் கொடுங்கள், இல்லையேல் கொட்டிவிடுங்கள். கொட்ட மனம் வராது. ஆனாலும் கொட்டுங்கள்.

சங்கா, பாலாடையா, பாட்டிலா?

சங்கு குளிக்கிற கடலோரத்தில் சங்கில் பால் புகட்டுவது பாட்டிமார் காலத்து வழக்கம். சங்கும் நல்லதுதான், ஆனால் அதன் சுருளுக்குள் பால் தங்கினால் கழுவி எடுப்பது சிரமம். எவர்சில்வர் பாலாடை சுத்தம் செய்ய எளிது. பாட்டிலைக் கூடுமானவரை தவிருங்கள். காம்பில் அழுக்கு சேரும். பாட்டிலில் தானாக வடிகிற பாலுக்குப் பழகிவிட்டால் சில பிள்ளைகள் மார்பில் இழுத்துக் குடிக்க மறுக்கும்.

எதில் கொடுத்தாலும் பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்த நிலையில் பிடித்து, விளிம்பைக் கீழுதட்டில் வைத்து, அது நக்கி விழுங்கும் வேகத்துக்குக் கொடுக்க வேண்டும். படுக்கவைத்து வாயில் ஊற்றினால் புரையேறும். தூங்குகிற பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது.

பிள்ளையைப் பார்க்கிற ஆளுக்குச் சொல்லவேண்டியவை

அனேகமாக அது உங்கள் அம்மா, மாமியார், அல்லது மதினி. உங்களை வளர்த்தவருக்கு வளர்ப்பு சொல்லிக்கொடுப்பதுபோல் தோன்றும். அதற்காகச் சொல்லாமல் விடக்கூடாது. வேலைக்குப் போகும் காலையில் சொன்னால் சண்டை வரும். ஒரு வாரம் முன்பே, அவர் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

“மாமி, 6 மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கணும்னு நர்ஸம்மா எழுதியே கொடுத்திருக்காங்க. சீனித்தண்ணி, தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். ரொம்ப அழுதா எனக்குப் போன் போடுங்க, நான் ஓடி வந்துர்றேன்.”

நர்ஸம்மாவின் பெயரில் சொல்வது உங்கள் பெயரில் சொல்வதைவிட நன்றாகவே வேலை செய்யும். தேன் ஒரு வயது வரை கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் நரம்பைத் தாக்கும்.

தூங்கவைக்கும் இடத்தையும் பார்த்துவிடுங்கள். மல்லாக்க, கெட்டியான சமதளத்தில், தலையணை இல்லாமல். சேலைத் தொட்டில் கட்டினால் உத்தரத்து முடிச்சைத் தினமும் இழுத்துப் பார்க்க வேண்டும். தொட்டிலில் பிள்ளை கிடக்கும்போது பெரியவர் ஒருவர் அதே அறையில் இருக்க வேண்டும். அக்கா, அண்ணன் வயதுச் சிறுவர்கள் கணக்கில் வரமாட்டார்கள்.

பிள்ளையின் அப்பாவையும் பட்டியலில் சேருங்கள். கச்சான் காற்று பலமாக வீசித் தொழிலுக்குப் போகாத நாளில் வலை பின்னுகிற கை பாலாடையும் பிடிக்கும். பழக்கிவிட வேண்டியதுதான் பாக்கி.

ஒத்திகை

உண்மையான முதல் நாளுக்கு முன் ஒரு பொய் முதல் நாள் நடத்திப் பாருங்கள். பாலைப் பீய்ச்சிவைத்துவிட்டு, 2 மணி நேரம் பக்கத்து வீட்டுக்கோ கோவிலுக்கோ போய்விடுங்கள். நீங்கள் அடுத்த அறையில் இருந்தால் அது ஒத்திகை ஆகாது. பிள்ளைக்கு வாசனை தெரியும், பாலாடையைத் தொடாது. 3 நாள் கழித்து 4 மணி நேரமாக்குங்கள். எந்த இடத்தில் இடறுகிறது என்று தெரிந்துவிடும்: பால் போதவில்லையா, மாமிக்குப் பாலாடை வசப்படவில்லையா, உங்கள் மார்பு கட்டிக்கொண்டதா.

வேலைக்குத் திரும்பும் முதல் வாரம்

1. வியாழக்கிழமை தொடங்குங்கள். 3 நாளில் ஞாயிறு வந்துவிடும். திங்களில் தொடங்கினால் 6 நாள் மூச்சுவிட முடியாது.
2. முதல் மாதம் பாதி வேலை. சங்கத்தில் இதை முன்கூட்டியே பேசுங்கள்: “அக்கா, இந்த மாசம் எனக்குப் பாதி உருப்படி மட்டும் தாங்க. சின்னப் பெட்டியா இருக்கட்டும். அடுத்த மாசத்துல இருந்து வழக்கம்போல வாங்கிக்கிறேன்.” ஆர்டரை முழுக்க விட்டுக்கொடுப்பதைவிடப் பாதியாக வைத்திருப்பது உங்கள் இடத்தைக் காப்பாற்றும். செப்டம்பர் 14 திருச்சிலுவைப் பெருவிழாவை ஒட்டி நீங்கள் திரும்புவதாக இருந்தால் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். விழா வாரத்தில் வீட்டில் விருந்தாளிகள் இருப்பார்கள், ஓய்வு இருக்காது.
3. கிளம்பும் முன் ஒருமுறை, வந்தவுடன் ஒருமுறை நேரடியாகப் பால் கொடுங்கள். இரவுப் பாலை நிறுத்தாதீர்கள். பால் சுரப்பதற்கான உத்தரவு இரவில்தான் பலமாகப் போகிறது.
4. வெளியே இருக்கும்போது 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பீய்ச்சுங்கள். சேமிக்க இடமில்லை என்றால் கொட்டினாலும் பரவாயில்லை. பீய்ச்சாமல் இருந்தால் மார்பு கட்டிக்கொள்ளும், சுரப்பும் குறையும்.

மார்பில் ஓரிடம் சிவந்து, கல்லாகி, காய்ச்சலும் வந்தால் பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். அந்தப் பக்கமும் கொடுக்கலாம். பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. குளிர்ந்த துணி ஒற்றடம் கொடுங்கள். ஒரு நாளில் குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

ஓலை வேலை செய்கிறவர்களுக்கு

தரையில் சம்மணமிட்டு 4 மணி நேரம் குனிந்திருப்பது பழைய உடம்புக்குச் சரி, தையல் போட்ட உடம்புக்கு அல்ல. சுவரில் முதுகைச் சாய்த்து, தாழ்ந்த மணையில் உட்காருங்கள். முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து முற்றம் வரை நடந்துவிட்டு வாருங்கள். பேறுகாலத்துக்குப் பிந்தைய வாரங்களில் காலில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுதல், நடை அதற்குத்தான்.

சாயம் காய்ச்சும் வேலையை வேறு யாரிடமாவது மாற்றிக்கொள்ளுங்கள். கொதிக்கும் அண்டா, புகை, சாயப்பொடி மூன்றும் பிள்ளை இருக்கும் இடத்தில் வேண்டாம். நீங்கள் ஈர்க்கு எடுத்து ஓலை கீறித் தாருங்கள், அவர் சாயம் ஏற்றட்டும். இப்படிக் கைமாற்று பேசிக்கொள்ளலாம்.

வீட்டிலேயே பின்னுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு: பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பின்னுவது. ஈர்க்கின் நுனி கண் மட்டத்தில் ஆடுகிறது, ஊசியும் கத்தியும் கைப்பக்கத்தில் கிடக்கின்றன. கையெட்டும் தூரத்துக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் பிள்ளையைப் படுக்கவையுங்கள். ஓலைக் கிலுகிலுப்பை ஒன்று பின்னிப் பக்கத்தில் ஆட்டலாம். கையில் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கக்கூடாது. 4, 5 மாதத்தில் எல்லாம் வாய்க்குப் போகும். சாயமும் நறுக்கு ஓலையும் உள்ளே போய்விடும்.

மீன், கருவாட்டு வேலை செய்கிறவர்களுக்கு

ஏலத்தில் எடுப்பதும் கணக்குப் பார்ப்பதும் உங்களுடையதாக இருக்கட்டும். கூடை தூக்க 3 மாதத்துக்காவது துணைக்கு ஆள் வையுங்கள். கெளுத்தி முள் குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே ஊசி போட்டுக்கொள்ளுங்கள். கருவாட்டு மணலில் வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள். கையில் ஒரு தண்ணீர்ப் பாட்டில். வீடு வந்ததும் சேலையை மாற்றி, கையை முழங்கை வரை கழுவிய பிறகே பிள்ளையைத் தொடுங்கள். பசியில் கத்தினாலும் அந்த 2 நிமிடம் பொறுக்கும்.

சம்பளக்காரர்களும் உரிமைகளும்

திருச்செந்தூர்ப் பள்ளியிலோ தூத்துக்குடி இறால் ஏற்றுமதி நிறுவனத்திலோ சம்பளத்துக்கு வேலை பார்க்கிறீர்கள் என்றால் உங்கள் நிலை வேறு. கேட்காமல் சீக்கிரம் திரும்பிவிடாதீர்கள். முந்திய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால், சட்டப்படி முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரமும் மூன்றாவதற்கு 12 வாரமும் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. திரும்பிய பிறகு பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு போக, பால் கொடுக்க நாளுக்கு 2 இடைவேளை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும். நாளுக்கு 4 முறை போய்ப் பார்க்கலாம். விடுப்பில் இருப்பதற்காக வேலையை விட்டு நீக்க முடியாது. இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் விடுப்புப் பணம் அங்கிருந்து வரும். கேட்பதை எழுத்தில் கேளுங்கள். ஒரு நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். மணப்பாட்டிலிருந்து தூத்துக்குடிக்குப் பேருந்தில் போய்வரும் நேரத்தையும் பால் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

கூலிக்காரர்களுக்கு உள்ளது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி: மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 தவணைகளாகக் கையில், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக. கர்ப்பத்தை 12 வாரத்துக்குள் பதிவுசெய்து, அரசு மருத்துவமனையில் பெற்றிருக்க வேண்டும். முதல் இரண்டு பேறுக்குத்தான். இந்தப் பணத்தை வேலைக்குத் திரும்பாமல் இருக்கும் வாரங்களுக்கென்றே ஒதுக்கிவையுங்கள். ஞானஸ்நான விருந்துக்குச் செலவாகிவிட்டால் 4 வாரம் முன்னதாக ஓலையை எடுக்க வேண்டிவரும். பனைத் தொழிலாளர், மீனவர் நலவாரிய அட்டை இருந்தால் அங்கே என்ன உதவி உண்டு, இதோடு சேர்த்து வாங்கலாமா என்று மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

மனசு சரியில்லை என்றால்

முதல் 2 வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். அதற்குப் பிறகும் தொடர்ந்தால், பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராவிட்டால், பிள்ளையைத் தொடவே பிடிக்காவிட்டால், அது சிகிச்சை உள்ள நோய். ‘காத்து கருப்பு’ என்று கயிறு கட்டிக்கொண்டு வேலைக்குப் போகாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. 104 சுகாதார உதவி எண்ணிலும் கேட்கலாம்.

6 மாதம் ஆனதும்

தாய்ப்பாலோடு இணை உணவு தொடங்கும். பீய்ச்சும் வேலை குறையும். பிள்ளையின் பெயரை அங்கன்வாடியில் பதிந்து சத்துமாவு வாங்குங்கள். நாளுக்கு இரண்டு, மூன்று கரண்டி கெட்டிக் கூழில் தொடங்கி ஏற்றிக்கொண்டே போங்கள். கரண்டியைக் கவிழ்த்தால் ஒழுகாத பதம். அந்த மாவு பிள்ளைக்கு அளந்து கொடுப்பது. வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து உருண்டை பிடித்தால் மாதம் முடிவதற்குள் தீர்ந்துவிடும்.